கண் விழித்து எத்தனை நிமிடத்தில்? புகையிலை அடிமைத்தனத்தை அளக்கும் கேள்விகளும் காஞ்சிபுரத்துத் தறியும்

ரமலான் மாதத்து ஜும்ஆ மேடைகளில் ஆண்டுதோறும் தவறாமல் ஒரு கேள்வி எழும். பதின்மூன்று மணி நேரம் அல்லாஹ்வுக்காகப் பீடியையும் சிகரெட்டையும் தொடாமல் இருக்கும் மனிதனுக்கு மீதமுள்ள பதினொரு மணி நேரமும் விட முடியாதா என்பதுதான் அது. கேட்பவரின் நோக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கேள்விக்குத் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருக்கும் சகோதரர்களில் பலர், பெருநாள் தொழுகை முடிந்து திடலை விட்டு வெளியே வந்த சில நிமிடங்களில் மீண்டும் பற்ற வைப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். விட முயன்று தோற்றவரை ஈமான் பலவீனமானவர் என்று முத்திரை குத்துவதும், அவரும் அதை நம்பிவிடுவதும் வாடிக்கையாகிவிட்டது.

அந்த மனிதரின் உடலில் நிகோட்டின் எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கிறது என்று யாராவது அளந்து பார்த்தோமா? சர்க்கரையை அளக்கிறோம், இரத்த அழுத்தத்தை அளக்கிறோம். புகையிலை விஷயத்தில் மட்டும் அளவில்லாமலேயே அறிவுரை சொல்கிறோம்.

அளப்பதற்கு வழியில்லாமல் இல்லை. ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் கார்ல் ஃபேகர்ஸ்ட்ரோம் 1978-ல் ஒரு கேள்வித்தாளை வெளியிட்டார். 1991-ல் அது திருத்தப்பட்டு ஆறு கேள்விகளாகச் சுருங்கியது. இன்று உலகெங்கும் புகை மறப்பு மருத்துவர்கள் கையில் வைத்திருப்பது அதைத்தான். காலையில் கண் விழித்து எவ்வளவு நேரத்தில் முதல் சிகரெட்டைப் பற்ற வைக்கிறீர்கள்? 5 நிமிடத்துக்குள் என்றால் 3 மதிப்பெண், அரை மணி நேரத்துக்குள் என்றால் 2, ஒரு மணி நேரத்துக்குள் என்றால் 1, அதற்கும் மேல் என்றால் பூஜ்யம். ஒரு நாளைக்கு எத்தனை? 10 வரை பூஜ்யம், 31 அல்லது அதற்கு மேல் 3. மற்ற நான்கும் ஒவ்வொரு மதிப்பெண் கேள்விகள்: தடை செய்யப்பட்ட இடத்தில் அடக்கிக்கொள்வது சிரமமா, எந்த வேளைச் சிகரெட்டை விடுவது மிகக் கடினம், காலை நேரத்தில் அதிகமாகப் பிடிக்கிறீர்களா, நோயில் படுத்திருக்கும்போதும் பிடிக்கிறீர்களா. மொத்தம் 10. ஆறுக்கு மேல் போனால் கடுமையான அடிமைத்தனம்.

இவற்றில் மிக வலிமையான கேள்வி முதலாவதுதான். காரணம் எளிது. நிகோட்டினின் பாதி அளவு சுமார் 2 மணி நேரத்தில் இரத்தத்திலிருந்து வெளியேறிவிடும். இரவு முழுக்கத் தூங்கி எழுந்தவரின் உடலில் அது ஏறக்குறைய வற்றிப்போயிருக்கும். வற்றிய உடல் எவ்வளவு அவசரமாகக் கை நீட்டுகிறது என்பதுதான் அடிமைத்தனத்தின் ஆழம். இதனால்தான் ஆறு கேள்விக்கும் நேரமில்லாத இடங்களில் முதல் சிகரெட்டின் நேரம், நாளொன்றுக்கு எத்தனை என்ற இரண்டை மட்டும் கேட்கும் சுருக்கமான முறையும் வழக்கில் இருக்கிறது.

அடக்கிக்கொள்வது பற்றிய கேள்வியில் மூலத்தில் உதாரணமாகத் தேவாலயம், நூலகம், திரையரங்கு என்று போட்டிருக்கிறார்கள். நமது ஊரில் இதை அப்படியே கேட்டால் எல்லோரும் சிரமமில்லை என்றே சொல்வார்கள். பள்ளிவாசலுக்குள் யார் புகைக்கிறார்கள்? தராவீஹ் தொழுகையில் எட்டு ரக்அத் முடிந்ததும் செருப்பைத் தேடிக்கொண்டு வெளியேறுபவர் யார், இருபது முடியும்வரை நிற்பவர் யார் என்று கேட்டால் ஓரளவு விடை கிடைக்கும்.

சிரிப்புக்காகச் சொல்லவில்லை. ஓர் ஊரின் கேள்வித்தாள் இன்னோர் ஊருக்குப் பொருந்துமா என்பதுதான் இங்கே உண்மையான பிரச்சினை. அதற்குக் காஞ்சிபுரத்தைவிட நல்ல உதாரணம் நமக்குத் தெரியவில்லை.

பட்டுத் தறியும் வாயிலிட்ட புகையிலையும்

பட்டு நெசவு நடக்கும் வீட்டில் குழித்தறியில் அமர்ந்திருப்பவரை நினைத்துப் பாருங்கள். இரண்டு கால்களும் குழிக்குள் மிதிபலகையில். ஒரு கை நாடாவை வீசும் கயிற்றில், மறு கை பலகையில். எதிரே பல ஆயிரம் ரூபாய் மதிப்புள்ள பாவு, ஜரிகை. பீடியைப் பற்ற வைக்க அங்கே கையும் இல்லை, ஒரு பொறி விழுந்தால் தாங்கும் துணியும் இல்லை. இப்படிப்பட்ட வேலையில் புகையிலைப் பழக்கம் வாய்க்குள்தான் குடியேறும். வெற்றிலை பாக்கோடு ஒரு துண்டு புகையிலை, இல்லையென்றால் கன்னத்தில் அடக்கிய ஹான்ஸ்.

இந்த இடத்தில் ஒரு பக்கக் கதை. ஸ்வீடனில் 1960-களில் நீர்மூழ்கிக் கப்பலுக்குள் புகைக்க முடியாத மாலுமிகள் வாயில் அடக்கும் புகையிலைக்கு மாறுவதை ஆய்வாளர்கள் கவனித்தார்கள். புகை கிடைக்காவிட்டாலும் நிகோட்டின் கிடைத்தால் போதும் என்று உடல் சமாதானமாகிறது என்ற அந்தக் கவனிப்பிலிருந்துதான் ஓவே ஃபெர்னோ என்பவரின் முயற்சியில் நிகோட்டின் சூயிங்கம் பிறந்தது. கடலுக்கடியில் மாலுமி செய்ததும் தறிக்குழியில் நெசவாளி செய்வதும் ஒன்றுதான். அங்கே அது மருந்தாக மாறியது. இங்கே புற்றுநோய் வார்டுக்குப் போகிறது.

மென்று அடக்கும் புகையிலைக்கென்றும் ஃபேகர்ஸ்ட்ரோம் கேள்வித்தாளைப் பின்னர் மாற்றியமைத்தார்கள். அதில் ஒரு கேள்வி, புகையிலைச் சாற்றை வேண்டுமென்றே விழுங்குகிறீர்களா என்பது. எப்போதும் என்றால் 2 மதிப்பெண். எச்சிலைத் துப்பாமல் விழுங்குகிறவருக்கு அதிக நிகோட்டின் தேவைப்படுகிறது என்பது அதன் தர்க்கம். ஆனால் மடியில் பட்டுப் புடவை விரிந்திருக்கும்போது நினைத்த நேரத்தில் துப்ப முடியுமா? அவர் விழுங்குவது தொழிலின் நிர்பந்தமாகவும் இருக்கலாம். இன்னொரு கேள்வி வாரத்துக்கு எத்தனை டப்பா அல்லது பொட்டலம் என்பது. கட்டுப் புகையிலையிலிருந்து கிள்ளிக் கிள்ளிப் போடுபவர் இதற்கு என்ன கணக்குச் சொல்வார்? பீடி குடிப்பவரிடமும் இதே சிக்கல். கையில் காசில்லாததால் ஏழெட்டுப் பீடியோடு நிறுத்திக்கொள்பவருக்கு எண்ணிக்கைக் கேள்வியில் பூஜ்யம் கிடைக்கும். அவர் ஒவ்வொன்றையும் அடிக்கட்டை வரை ஆழமாக இழுப்பதை அந்தக் கேள்வி பார்ப்பதில்லை. ஃபேகர்ஸ்ட்ரோமே 2012-ல் தமது சோதனையின் பெயரை நிகோட்டின் அடிமைத்தனம் என்பதிலிருந்து சிகரெட் அடிமைத்தனம் என்று மாற்றிக்கொள்ள முன்வந்தார் என்பதை இங்கே நினைவுபடுத்த வேண்டும்.

காஞ்சிபுரத்துக்கு இது வெறும் ஆய்வுப் பிரச்சினை அல்ல. இந்த ஊரில் பிறந்த அறிஞர் அண்ணாவுக்குப் புகையிலை போடும் பழக்கம் இருந்தது ஊரறிந்த செய்தி. முதலமைச்சராக இருக்கும்போதே புற்றுநோய்க்கு ஆளாகி, 1968-ல் நியூயார்க் வரை சென்று அறுவை சிகிச்சை செய்துகொண்டும் 1969 பிப்ரவரி 3 அன்று மறைந்தார். அவர் பெயரைத் தாங்கிய அரசுப் புற்றுநோய் மருத்துவமனை காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டையில்தான் இருக்கிறது. உலகில் வாய்ப் புற்றுநோய்க்கு ஆளாகிறவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் இந்தியர். வாசலில் புற்றுநோய் மருத்துவமனை இருக்கும் ஊரில், அந்த வாசலுக்கு வருவதற்கு இருபது வருடம் முன்பே கேட்டிருக்க வேண்டிய இரண்டு கேள்விகளை யாரும் கேட்பதில்லை என்பதுதான் நமது ஆதங்கம்.

தமிழ்நாட்டின் நிலவரம் ஆறுதல் தருவதாகவும் இல்லை. மத்திய சுகாதார அமைச்சகம் நடத்திய வயது வந்தோர் புகையிலை ஆய்வின்படி 2009-10-ல் 34.6 சதவீதமாக இருந்த தேசிய அளவு 2016-17-ல் 28.6 ஆகக் குறைந்தது. அதே காலத்தில் தமிழ்நாட்டில் 16.2-லிருந்து 20 ஆக உயர்ந்தது. இவை எல்லாம் வீட்டு வாசலில் நின்று கேட்டு, சொன்னதைக் குறித்துக்கொண்ட கணக்கு. வாப்பாவுக்கு முன்னால் மகனும், மாமியாருக்கு முன்னால் மருமகளும் என்ன பதில் சொல்லியிருப்பார்கள் என்பதை வாசகர்களின் ஊகத்துக்கே விடுகிறோம்.

நாக்கு மறைத்தாலும் உடல் மறைக்காது

உயிரியல் அடையாளங்கள் தேவைப்படுவது இதற்காகத்தான். நிகோட்டின் ஈரலில் உடைந்து கோட்டினின் என்ற பொருளாக மாறுகிறது. நிகோட்டினைப் போல இது சீக்கிரம் ஓடிவிடாது. பாதி வெளியேறவே 16 மணி நேரத்துக்கு மேல் ஆகும். உமிழ்நீரிலோ சிறுநீரிலோ இரத்தத்திலோ பார்த்தால் கடந்த இரண்டு மூன்று நாட்களின் கதை தெரிந்துவிடும். தென் கொரியாவில் தேசிய அளவில் சிறுநீர்க் கோட்டினினைச் சோதித்தபோது, புகைப்பதாக வாயால் ஒப்புக்கொண்ட பெண்களைவிட இரு மடங்குக்கும் மேலான பெண்கள் புகைப்பது வெளியானது. ஆண்கள் சொன்னதற்கும் சோதனைக்கும் அவ்வளவு வித்தியாசமில்லை. வெட்கம் எந்தப் பக்கம் அழுத்துகிறதோ அந்தப் பக்கம் கணக்கு சரிகிறது. வெற்றிலைப் பெட்டியோடு உட்கார்ந்திருக்கும் நமது வீட்டுப் பெரியவர்களை, அதிலும் பெண்களை, யாரும் புகையிலைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை என்பதை நினைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு சோதனை மலிவானது. மூச்சைச் சற்று அடக்கி ஒரு சிறு கருவிக்குள் ஊதினால் அதில் கார்பன் மோனாக்சைடு எவ்வளவு என்று எண்ணாகக் காட்டும். ஊதியவர் தன் கண்ணாலேயே அந்த எண்ணைப் பார்ப்பது பல அறிவுரைகளைவிட வேலை செய்யும். ஆனால் இது எரியும் புகையிலைக்கு மட்டுமே. கன்னத்தில் ஹான்ஸ் அடக்கியவர் ஊதினால் சுத்தமானவர் என்று காட்டும். தறிக்குழிக்கு இந்தக் கருவியால் பயனில்லை. அங்கே கோட்டினின்தான் வேண்டும்.

இப்போது ரமலானுக்கு வருவோம். ஸஹர் முடியும் நேரத்தில் கடைசியாக ஒன்றைப் பிடித்துவிட்டு நோன்பு வைக்கிறார் ஒருவர். நமது ஊரில் நோன்பு சுமார் பதின்மூன்று மணி நேரம். மஃக்ரிப் பாங்கு சொல்லும்போது அவர் இரத்தத்தில் நிகோட்டின் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான் மிஞ்சியிருக்கும். கார்பன் மோனாக்சைடின் பாதி வெளியேற நான்கைந்து மணி நேரம் என்பதால் அது ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகிவிடும். இருதயத்துக்கு அது பெரிய ஓய்வு. ஆனால் கோட்டினினில் பாதிக்கு மேல் அப்படியே இருக்கும். அதாவது இஃப்தார் நேரத்தில் அவர் நிகோட்டின் பசியின் உச்சத்தில் நிற்கிறார். காலையில் கண் விழித்ததும் வரும் அதே நிலை, இன்னும் கூர்மையாக. ஜும்ஆ மேடையில் கேட்ட கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. பகலெல்லாம் விட்டவர் அடிமைத்தனத்திலிருந்து வெளியே வந்துவிட்டார் என்று அர்த்தமில்லை. நோன்பின் உறுதியால் அதைத் தாங்கிக்கொண்டிருக்கிறார் என்பதே அர்த்தம். அந்த உறுதி பெரிய விஷயம். ஆனால் இஃப்தாருக்குப் பின் அவரைத் தனியாக விட்டுவிட்டால் அந்தப் பதின்மூன்று மணி நேர உழைப்பு ஒவ்வோர் இரவும் வீணாகிறது.

எனவே ரமலானில் முதல் கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்கலாம் என்று கருதுகிறோம்: நோன்பு திறந்து எத்தனை நிமிடத்தில் முதல் பீடி? பேரீச்சம்பழமும் தண்ணீரும் தொண்டையில் இறங்கிய கையோடு, மஃக்ரிப் தொழுகைக்கு முன்பே வெளியே போகிறாரா? தராவீஹ் முடிந்து நிதானமாகப் பிடிக்கிறாரா? இது மருத்துவ ஏடுகளில் நிலைநாட்டப்பட்ட அளவுகோல் அல்ல, நமது யோசனை மட்டுமே. சமுதாயத்தில் உள்ள மருத்துவர்கள், மருத்துவக் கல்லூரி மாணவர்கள் இதைக் கோட்டினினோடு ஒப்பிட்டுப் பார்த்தால் நல்லதொரு ஆய்வாக அமையும், இன்ஷா அல்லாஹ்.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. கோட்டினின் காட்டுவது உடலுக்குள் போன நிகோட்டினின் அளவை. அடிமைத்தனத்தை அல்ல. ஈரலின் ஒரு நொதி சிலருக்கு வேகமாகவும் சிலருக்கு மெதுவாகவும் நிகோட்டினை உடைக்கிறது. மெதுவாக உடைப்பவருக்குக் குறைவான சிகரெட்டே போதும். வேகமாக உடைப்பவர் சீக்கிரம் அடுத்ததைத் தேடுவார். இருவரும் ஒரே எண்ணிக்கை சொன்னாலும் விடும்போது படும் பாடு ஒன்றாக இருக்காது. இந்த வேகத்தை அளந்து யாருக்கு நிகோட்டின் பட்டை, யாருக்கு மாத்திரை என்று தீர்மானிக்கும் அளவுக்கு ஆய்வுகள் போயிருக்கின்றன. கேள்வித்தாளும் சோதனைக் குழாயும் ஒன்றையொன்று சரிபார்த்துக்கொண்டால்தான் இருவருக்கும் ஏற்ற சிகிச்சை கிடைக்கும்.

பீடி சுற்றும் கைகள்

புகையிலையைப் பற்றிப் பேசும்போது நமது சமுதாயம் வசதியாகத் தவிர்த்துவிடும் ஒரு பக்கம் உண்டு. மேலப்பாளையத்திலும் வேலூரிலும் குடியாத்தத்திலும் பல முஸ்லிம் வீடுகளில் அடுப்பெரிவது பெண்கள் சுற்றும் பீடியால். முறத்தை மடியில் வைத்துப் புகையிலைத் தூளில் நாள் முழுக்கக் கை வைக்கும் பெண் ஒரு பீடியும் குடித்திருக்க மாட்டார். ஃபேகர்ஸ்ட்ரோம் கேள்வித்தாளில் அவருக்குப் பூஜ்யம். ஆனால் பீடித் தொழிலாளர்களிடம் இந்தியாவில் நடந்த ஆய்வுகளில் புகையிலைப் பழக்கமே இல்லாதவர்களின் சிறுநீரிலும் கோட்டினின் இருந்தது. தோல் வழியாகவும் தூசி வழியாகவும் அது உள்ளே போகிறது. அந்தத் தூசி பறக்கும் அறையில்தான் தொட்டிலும் தொங்குகிறது. பீடித் தொழிலாளர் சட்டம் 1966-லேயே வந்துவிட்டது. ஆனால் வீட்டிலிருந்து சுற்றும் பெண்ணின் உடலில் எவ்வளவு நிகோட்டின் ஏறுகிறது என்று முறையாகச் சோதிக்கும் ஏற்பாட்டை நாம் எங்கும் பார்க்கவில்லை.

2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி கவுன்சில் சிகரெட்டை 40 சதவீத வரிக்குக் கொண்டுபோக முடிவெடுத்த அதே கூட்டத்தில், பீடிக்கான வரியை 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைக்கவும் முடிவெடுத்தது. தொழிலாளர் நலன் என்ற பேச்சு இதில் அடிபட்டது. சுற்றுபவருக்குக் கிடைக்கும் ஆயிரம் பீடிக்கான கூலி இதனால் ஒரு ரூபாய் உயரும் என்று நமக்குத் தோன்றவில்லை. பீடி மலிவாகக் கிடைக்கும், அவ்வளவுதான். பீடியில் கிடைக்கும் நிகோட்டின் சிகரெட்டைவிடக் குறைந்தது என்ற நம்பிக்கை நமது மக்களிடம் இன்னும் இருக்கிறது. அது தவறு. துளையில்லாத இலைக்குள் சுற்றப்பட்டிருப்பதால் அணையாமலிருக்க அடிக்கடி இழுக்க வேண்டியிருக்கிறது, அதனால் நுரையீரலுக்குப் போவதும் அதிகம்.

இளைஞர்கள் விஷயத்தில் நிலைமை வேறு விதமாக மோசம். தமிழ்நாட்டில் குட்கா, பான் மசாலாவுக்கு 2013 முதல் தடை. 2023 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த அறிவிப்பை ரத்து செய்தது, ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்தது. இத்தனைக்கும் இடையில் உதட்டுக்குள் ஒளித்துவைக்கும் கூல் லிப் பள்ளிக்கூடங்களுக்குள் நுழைந்து, 2024-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே கவலை தெரிவிக்கும் நிலை வந்தது. புகை இல்லை, நாற்றம் இல்லை, துப்பவும் வேண்டாம். வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம் ஊதும் கருவியைக் கொடுத்தாலும் ஒன்றும் தெரியாது. இங்கே கோட்டினின் சோதனையைப் போலீஸ் வேலையாக்கிப் பள்ளி வாசலில் நிறுத்த வேண்டும் என்று சிலர் சொல்லக்கூடும். அதை நாம் ஏற்கவில்லை. சோதனையில் மாட்டிய பிள்ளையைப் பள்ளியை விட்டு நீக்கத்தான் அது பயன்படும். கண் விழித்து எவ்வளவு நேரத்தில் உதட்டில் வைக்கிறாய் என்று அடிக்காமல் கேட்கும் ஒருவர் அந்தப் பிள்ளைக்குக் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

மார்க்கத்தின் நிலைப்பாடு பற்றி நீண்ட விவாதம் தேவையில்லை என்றே நினைக்கிறோம். தன் கையாலேயே தன்னை அழிவில் போட்டுக்கொள்ளக் கூடாது என்ற அல்பகரா 195-வது வசனத்தின் கட்டளை எல்லோரும் அறிந்ததே. மலேசியாவின் தேசிய ஃபத்வா குழு 1995-லேயே புகைப்பதை ஹராம் என்றது. மக்ரூஹ் என்று சொல்லும் உலமாக்களும் இன்னும் இருக்கிறார்கள். ஹராமா மக்ரூஹா என்ற பட்டிமன்றத்தில் செலவிடும் நேரத்தில் கால் பங்கை, விட விரும்புகிறவருக்கு உதவுவதில் செலவிட்டிருக்கலாம். யார் உதவியும் இல்லாமல் திடீரென்று விடுபவர்களில் ஓராண்டு தாக்குப்பிடிப்பவர் நூற்றுக்கு நான்கைந்து பேர்தான்.

உதவி என்றால் என்ன? வீடு வீடாக வரும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பணியாளர்கள் சர்க்கரையும் அழுத்தமும் பார்க்கும்போது அந்த இரண்டு கேள்விகளையும் சேர்த்துக் கேட்க அரை நிமிடம் போதும். காஞ்சிபுரத்தின் நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் தங்கள் உறுப்பினர்களுக்கு வாய்ப் பரிசோதனையோடு இதைக் கேட்கலாம், தறிக்கு ஏற்ப மாற்றிய கேள்விகளாக. ஒலிமுகமதுபேட்டையிலோ வேறெங்கோ உள்ள ஜமாஅத்கள் ரமலானுக்கு முந்தைய ஷஃபான் மாதத்திலேயே ஒரு மருத்துவரை அழைத்து, யாருக்கு 2 மதிப்பெண், யாருக்கு 8 என்று பிரித்துவிடலாம். இரண்டு வாங்கியவருக்கு ஒரு நல்ல பேச்சும் ரமலானின் சூழலும் போதுமானதாக இருக்கலாம். எட்டு வாங்கியவருக்கு மருந்து வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2024 ஜூலையில் வெளியிட்ட வழிகாட்டுதலில் நிகோட்டின் மாற்று சிகிச்சையோடு வரெனிக்ளின், புப்ரோபியன், சைட்டிசின் ஆகிய மருந்துகளையும் பரிந்துரைத்திருக்கிறது. இந்தியாவின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் 2022-ல் நிகோட்டின் மாற்று சிகிச்சை சேர்க்கப்பட்டுவிட்டது. எனவே அரசு மருத்துவமனையில் அதைக் கேட்டு வாங்க நமக்கு உரிமை இருக்கிறது. புகையிலை விட உதவும் தேசியத் தொலைபேசி எண் 1800 112 356, கட்டணமில்லை.

நோன்பில் மருந்தா என்று கேட்பவர்களுக்கு: சூயிங்கம் பகலில் கூடாது, நோன்பை முறிக்கும். தோலில் ஒட்டும் மருந்துப் பட்டைகள் நோன்பை முறிக்காது என்று 1997-ல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி தீர்மானித்திருக்கிறது. நிகோட்டின் பட்டைக்கும் அது பொருந்துமா என்பதில் கருத்து வேறுபாடு கொண்ட ஆலிம்கள் உண்டு. தமது ஊர் இமாமிடம் ஷஃபானிலேயே கேட்டுத் தெளிவு பெற்றுக்கொள்வது நல்லது. வரெனிக்ளின், புப்ரோபியன் மாத்திரைகளில் பிரச்சினை இல்லை, ஸஹரிலும் இஃப்தாரிலும் என்று நேரம் பிரித்துத் தர மருத்துவரிடம் சொன்னால் போதும். வரெனிக்ளின் தொடங்கி ஒரு வாரம் கழித்துத்தான் புகையை நிறுத்தும் நாளைக் குறிப்பது வழக்கம். ஆகவே முதல் நோன்பன்று விட நினைப்பவர் ஷஃபானின் கடைசி வாரத்துக்கு முன்பே மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும்.